மருந்தா, வைரஸா? எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் இதயமும் இரத்தச் சோதனைகளும்

2006 ஜனவரி 11 அன்று, 33 நாடுகளில் நடந்துகொண்டிருந்த ஒரு பெரும் மருத்துவ ஆய்வில் புதியவர்களைச் சேர்க்கும் பணி இடையிலேயே நிறுத்தப்பட்டது. ‘ஸ்மார்ட்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வில் அதுவரை 5,472 பேர் சேர்ந்திருந்தனர். அனைவரும் எச்.ஐ.வி. தொற்றுடையோர். அவர்களுள் ஒரு பாதியினர் கூட்டு மருந்துகளை இடைவிடாது உண்டனர். மறுபாதியினர், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 350-க்கு மேல் இருக்கும்வரை மருந்தை நிறுத்திவைத்து, அது 250-க்குக் கீழே இறங்கிய பின்னரே மீண்டும் தொடங்கினர்.

மருந்தை நிறுத்திப் பார்க்கும் இந்த எண்ணம் அலட்சியத்தில் பிறந்ததன்று. கூட்டு மருந்துகள் உயிரைக் காத்தன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவை இரத்தத்தில் கொழுப்பை ஏற்றின, உடலின் கொழுப்புப் படிவை மாற்றின, கல்லீரலைத் தாக்கின. மாரடைப்பையும் கூட்டுகின்றன என்ற அச்சம் வலுத்திருந்தது. ஆகவே, நோயெதிர்ப்பு போதிய வலுவோடிருக்கும் காலங்களில் மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் இதயத்துக்கும் ஓய்வு கிடைக்கும் என்று கருதப்பட்டது.

முடிவு நேர்மாறாக அமைந்தது. சராசரியாக 16 மாதக் கண்காணிப்பில், இடைவிடாது மருந்துண்டோருள் 30 பேரும், நிறுத்தி நிறுத்தி உண்டோருள் 55 பேரும் இறந்தனர். எய்ட்ஸ் சார்ந்த நோய்கள் மிகுந்ததை ஓரளவு முன்பே எதிர்பார்த்திருக்கலாம். எவரும் எதிர்பாராதது வேறொன்று. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கும் பெருநோய்கள் மருந்தை நிறுத்தியோரிடமே மிகுந்திருந்தன. ஒரு பக்கம் 65 பேர், மறுபக்கம் 39 பேர். எந்தத் தீங்கிலிருந்து காப்பதற்காக மருந்து நிறுத்தப்பட்டதோ, அந்தத் தீங்கே நிறுத்தியவர்களைத் தேடிவந்தது.

ஓர் இரத்தச் சோதனை எண்ணிலிருந்து நோயின் காரணத்தை ஊகிப்பது எத்துணை எளிது, எத்துணை ஆபத்தானது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதற்கு நிகரான சான்றுகள் சிலவே. அந்த ஊகம் உருவான விதத்தை அறிய, இரத்தம் இதயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய காலத்துக்குச் செல்ல வேண்டும்.

1954-இல் நியூயார்க்கில் கார்மன், ரோப்லெவ்ஸ்கி, லாடூ ஆகிய மூவர், மாரடைப்பு ஏற்பட்டவர்களின் இரத்த நீரில் ஒரு நொதியின் அளவு சில மணி நேரத்திலேயே உயர்வதைக் காட்டினர். இன்று ஏ.எஸ்.டி. என்றும், மருத்துவமனைச் சீட்டுகளில் பழைய வழக்கப்படி எஸ்.ஜி.ஓ.டி. என்றும் எழுதப்படும் நொதி அது. இதயத் தசையணு இறக்கும்போது அதனுள் இருந்த நொதி கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. உடலைத் திறந்து பாராமலே உள்ளே ஒரு தசை மடிந்ததை அறிய முடிந்தது. அதுவரை நெஞ்சுவலியின் விவரிப்பையும் மின்வரைபடத்தையும் மட்டுமே நம்பியிருந்த மருத்துவருக்கு இது பெரும் பேறு.

ஆனால் அந்த நொதிக்கு இதயம் ஒன்றே உறைவிடமன்று. கல்லீரலிலும் எலும்புத் தசையிலும் அது நிறைந்திருக்கிறது. எனவே சில ஆண்டுகளிலேயே எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரல் நோயின் அடையாளமாக மாறிப்போனது. இதயத்தின் இடத்தைக் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி பிடித்தது. அதுவும் தசைகள் அனைத்துக்கும் பொதுவானது என்பதால், இதயத்தில் மிகுதியாக உள்ள அதன் ‘எம்.பி.’ வகையைப் பிரித்தளக்கும் முறை வந்தது. 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயநோய் அமைப்புகள் மாரடைப்புக்கு வகுத்த புதிய வரையறையில் ட்ரோபோனின் முதலிடம் பெற்றது. ட்ரோபோனின் நொதியே அன்று, தசையின் சுருக்கத்தை நெறிப்படுத்தும் ஒரு புரதம். இருந்தும் அவசரப் பிரிவுகளில் இன்றளவும் “கார்டியாக் என்சைம் அனுப்புங்கள்” என்றே சொல்கிறார்கள். பெயர் பிழைத்துக்கொண்டது, பெயருக்குரிய பொருள் மாறிவிட்டது.

எச்.ஐ.வி.யின் கதையிலோ நொதிகள் தொடக்கம் முதலே மையத்தில் நிற்கின்றன. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுத அந்த வைரஸுக்கு உதவுவது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்னும் நொதி. 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே அந்நொதியை வேறு வைரஸ்களில் கண்டறிந்திராவிட்டால், 1983-இல் பாரிஸில் எச்.ஐ.வி.யை அடையாளம் கண்டிருக்க இயலாது. நோயைக் கண்டறியும் எலைசா சோதனையும், நிறமாற்றத்தை உண்டாக்கும் ஒரு நொதியை நம்பியே நடக்கிறது. 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் தொற்றுகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கண்டறியப்பட்டதும் இந்தச் சோதனையின் வழியாகவே.

முதல் மருந்தும் ஒரு நொதியைத் தடுப்பதே. 1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஜிடோவுடின், வைரஸின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை முடக்கியது. சில ஆண்டுகளில் அதை நெடுநாள் உண்டவர்களுக்குத் தொடையும் தோளும் வலுவிழக்கும் தசைநோய் தோன்றியது. இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் உயர்ந்தது. 1990-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் டலாகஸ் குழுவினர் அத்தசைகளை நுண்ணோக்கியில் ஆய்ந்து, மைட்டோகாண்ட்ரியா சிதைந்திருப்பதைக் காட்டினர். வைரஸின் நொதியைத் தடுக்க வந்த மருந்து, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் மனித நொதியையும் ஓரளவு தடுத்திருந்தது. மாரடைப்புக்கு அடையாளமெனக் கற்றிருந்த அதே நொதி, இங்கே இதயத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. தொடைத் தசையைப் பற்றிச் சொன்னது. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தத்தில் ஓர் எண் உயரும்போது அது வைரஸின் விளைவா, மருந்தின் விளைவா, இரண்டுக்கும் தொடர்பற்ற ஒன்றா என்ற கேள்வி இவ்வாறு மிக முன்பே எழுந்துவிட்டது.

மறக்கப்பட்ட மற்றொரு சான்றும் உண்டு. 1989-இலும் 1992-இலும் சான்ஃபிரான்சிஸ்கோவில் கார்ல் குரூன்ஃபெல்ட் குழுவினர், எய்ட்ஸ் நோயாளிகளின் இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகுந்திருப்பதையும், அதை இரத்தத்திலிருந்து அகற்றும் வேகம் குறைந்திருப்பதையும், இவை இன்டர்ஃபெரான் ஆல்பாவின் அளவோடு சேர்ந்து உயர்வதையும் எழுதியிருந்தனர். புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் சந்தைக்கு வராத காலம் அது. அதாவது, கொழுப்பின் கோளாறு மருந்துக்கு முன்பே, தொற்றின் அழற்சியோடு பிணைந்து இருந்தது. இந்தக் கட்டுரைகள் மறைந்து கிடக்கவில்லை, நூலகங்களில் இருந்தன. ஆனால் சாவை நோக்கி விரையும் நோயாளிக்கு டிரைகிளிசரைடு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. பொருட்டாகத் தோன்றிய காலம் வந்தபோது மருந்தும் உடன் வந்திருந்தது; பழி மருந்தின் மேல் விழுந்தது.

அந்தப் பழி முற்றிலும் பொய்யன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1996-க்குப் பின் கூட்டு மருந்துகளால் இறப்பு சரிந்தது. 1998-இல் சிட்னியில் ஆண்ட்ரூ கார் குழுவினர், புரோட்டியேஸ் தடுப்பு மருந்து உண்போரின் கன்னமும் கைகால்களும் ஒடுங்குவதையும், வயிற்றில் கொழுப்பு சேர்வதையும், இரத்தக் கொழுப்பு உயர்வதையும் விவரித்தனர். 2003-இல் ‘டி.ஏ.டி.’ என்னும் பன்னாட்டுக் கூட்டாய்வு 23,468 பேரின் தரவுகளைக் கொண்டு, முதல் சில ஆண்டுகளில், கூட்டு மருந்து உண்ணும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுவதாக அறிவித்தது. பின்னர் அக்குழுவே அந்த விளைவின் பெரும்பகுதி புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகளுடையது என்றும், அபகாவிர் என்னும் மருந்தை அண்மையில் உண்டோரிடமும் வாய்ப்பு மிகுதி என்றும் கண்டது.

இவை கவனத்தோடு எழுதப்பட்ட ஆய்வுகள். அடிப்படை வாய்ப்பு சிறியது, அதில் 26 விழுக்காடு கூடினாலும் மொத்தத்தில் நிகழ்ந்த மாரடைப்புகள் 126 மட்டுமே என்பதை அவர்களே எழுதினார்கள். ஆனால் இந்த ஆய்வில் மருந்துண்போர் ஒப்பிடப்பட்டது, மருந்தைக் குறைந்த காலமே உண்டவர்களோடு. மருந்தில்லாமல் வைரஸோடு மட்டும் வாழ்பவரின் தமனிக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு இத்தகைய கண்காணிப்பு ஆய்வு விடை தர முடியாது. அந்த விடையை ஸ்மார்ட் தந்தது, 25 உயிர்களின் வேறுபாட்டில்.

ஸ்மார்ட்டின் உண்மையான அறிவுச் செல்வம், உறைநிலையில் சேமித்துவைக்கப்பட்ட இரத்தத்தில் இருந்தது. 2008-இல் லூயிஸ் குல்லர் தலைமையிலான குழு, இறந்த 85 பேரின் தொடக்ககால இரத்த மாதிரிகளை எடுத்து, உயிரோடிருந்த ஒத்த வயது, பாலினத்தவரின் மாதிரிகளோடு ஒப்பிட்டது. மூன்று பொருள்கள் இறப்போடு வலுவாகப் பிணைந்திருந்தன: அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6, உறைவைக் காட்டும் டி-டைமர். இவற்றுள் கடைசி இரண்டின் பிணைப்பு மிகக் கடுமையானது. டி-டைமர் மிகுந்த கால்பகுதியினர், குறைந்த கால்பகுதியினரைவிட இறக்கும் வாய்ப்பு 12 மடங்குக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. இன்டர்லூகின்-6-க்கு அது 8 மடங்குக்கும் மேல்.

டி-டைமர் ஒரு நொதியன்று. நொதிகளின் வேலைக்குப் பின் எஞ்சும் துணுக்கு. இரத்தக்குழாயில் திராம்பின் என்னும் நொதி ஃபைப்ரின் இழைகளை உருவாக்குகிறது. அவை இறுகி வலையாகின்றன. பிளாஸ்மின் என்னும் நொதி அவ்வலையை வெட்டுகிறது. வெட்டிய துண்டு டி-டைமர். அது மிகுந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத உறைதலும் கரைதலும் ஓயாமல் நடக்கின்றன என்று பொருள். மருந்தை நிறுத்திய ஒரே மாதத்தில் இன்டர்லூகின்-6 30 விழுக்காடும் டி-டைமர் 16 விழுக்காடும் உயர்ந்தன. தொடர்ந்து மருந்துண்டோரிடம் முதலாவது மாறவேயில்லை, இரண்டாவது 5 விழுக்காடு மட்டுமே கூடியது. வைரஸ் எவ்வளவு பெருகியதோ அதற்கேற்ப இந்த எண்களும் ஏறின. கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு இந்த ஏற்றம் புலப்பட்டிருக்காது.

மருந்து கொழுப்பைக் கூட்டியது உண்மை. வைரஸ் அழற்சியையும் உறைதலையும் கூட்டியதும் உண்மை. இரண்டில் எது இதயத்துக்குக் கொடியது என்பதை அளந்து சொன்னவை இந்த மாதிரிகளே.

இந்த விடை இந்தியாவை எட்டிய விதம் தனியானது. இங்கே இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. 2001-இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்ததே இதைச் சாத்தியமாக்கியது. ஆனால் அந்தக் கூட்டில் புரோட்டியேஸ் தடுப்பு மருந்து இல்லை. ஸ்டாவுடின் அல்லது ஜிடோவுடின், அவற்றோடு லாமிவுடின், நெவிரபின் என்பதே இந்தியரின் முதல்வரிசை மருந்து. நெவிரபின் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்பதால் எஸ்.ஜி.பி.டி. பார்க்கப்பட்டது, ஜிடோவுடின் இரத்தசோகை தரும் என்பதால் ஹீமோகுளோபின் பார்க்கப்பட்டது. சோதனைகளின் நிரலை வகுத்தது மருந்தின் உடனடித் தீங்கு குறித்த அச்சம். இதயத்துக்கு அந்த நிரலில் முதன்மையான இடம் இல்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் திரட்டப்பட்ட ‘மருந்தால் மாரடைப்பு’ என்ற முடிவை, வேறு மருந்துண்ட இந்தியருக்கு அப்படியே பொருத்தியது பிழை. இங்கே பெருந்தீங்கு மருந்தில் இருந்ததைவிட, மருந்துக்காகக் காத்திருந்த காலத்தில் இருந்தது. 2004-இன் நெறிமுறைப்படி சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே சரிந்த பின்னரே பெரும்பாலோருக்கு மருந்து கிடைத்தது. எண்ணிக்கையைப் பாராமல் அனைவருக்கும் உடனே மருந்து என்ற கொள்கை 2017-இல்தான் வந்தது. இடையில் 4,685 பேரைக் கொண்ட ‘ஸ்டார்ட்’ ஆய்வு, நோயெதிர்ப்பு வலுவாக இருக்கும்போதே தொடங்குவது நன்று என்பதை 2015-இல் ஐயமற நிறுவியிருந்தது. 2000-களில் தொற்றுக்குள்ளாகி, எண் இறங்கட்டும் என்று பல ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கிறார்கள். ஸ்மார்ட் ஆய்வில் ஒரே மாதத்தில் உயர்ந்த அந்த எண்கள், இவர்களின் தமனிகளில் எத்தனை ஆண்டுகள் உயர்ந்தே இருந்தன என்பதை எவரும் அளக்கவில்லை. அளப்பதற்கு மாதிரிகளும் சேமிக்கப்படவில்லை.

நொதிகளின் வரலாற்றில் இன்னொரு திருப்பமும் இந்தக் காலத்தில் நிகழ்ந்தது. எல்.டி.எல். துகளோடு ஒட்டிச்செல்லும் எல்.பி.-பி.எல்.ஏ.2 என்னும் நொதி, தமனிச் சுவரில் அழற்சியைத் தூண்டும் பொருள்களை விடுவிப்பது. 2000-இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், இந்நொதி மிகுந்தோருக்கு இதயநோய் மிகுதி என்று தெரியவந்தது. கொலஸ்ட்ராலையும் அழற்சியையும் ஒரே எண்ணில் காட்டும் இந்த நொதி, எச்.ஐ.வி. ஆய்வாளருக்குக் கிடைத்தற்கரிய கருவியாகத் தோன்றியதில் வியப்பில்லை. 147 பேர் பங்கேற்ற ‘சாட்டர்ன்’ ஆய்வில் ரோசுவஸ்டாடின் உண்டோரிடம் 24 வாரங்களில் இந்நொதி குறைந்தது. அவ்வாறாயின் நொதியையே நேரடியாகத் தடுத்தால் என்ன? டாராபிளடிப் என்ற மருந்து அதற்கென்றே உருவாக்கப்பட்டது. 2014-இல் இரு பெரும் ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. அவற்றில் இதயநோயாளிகள் 15,828 பேரும் 13,026 பேரும் பங்கேற்றிருந்தனர். நொதி தடுக்கப்பட்டது, இதயநிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கிழக்காசியரில் சிலர் பிறவியிலேயே இந்நொதி குன்றியவர்கள். அவர்களுக்கு இதயநோய் குறைவில்லை என்பதைச் சீனாவில் நடந்த மரபணு ஆய்வு பின்னர் காட்டியது. நொதி குற்றவாளியாக அல்ல, குற்றம் நடந்த இடத்தில் நின்ற சாட்சியாகவே இருந்தது. சாட்சியை அடைத்துவைத்தால் குற்றம் நிற்காது.

சாட்சி என்ற அளவில் அதன் பயன் குன்றிவிடவில்லை. எச்.ஐ.வி.யும் இதயமும் குறித்த ஆய்வுகளுள் மிகப் பெரிதான ‘ரிப்ரீவ்’ 2023 ஜூலையில் வெளியானபோது இது தெளிவாயிற்று. இந்தியா உட்பட 12 நாடுகளில், கூட்டு மருந்து உண்டுவரும் 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான கணக்குப்படி இவர்களின் இதயநோய் வாய்ப்பு குறைவு அல்லது நடுத்தரம். பொதுவழக்கில் பலருக்கு ஸ்டாடின் எழுதப்பட்டிருக்காது. நாள்தோறும் 4 மில்லிகிராம் பிடாவஸ்டாடின் உண்டோரிடம் பெரும் இதயநிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்தன. இதயத் தமனிகளைப் படமெடுத்து ஆராய்ந்த துணை ஆய்வில், சுண்ணாம்பு படியாத கொழுப்புத் திட்டுகள் சுருங்கின. அதே வேளையில் எல்.பி.-பி.எல்.ஏ.2 மருந்துண்டோரிடம் குறைந்தது, வெற்று மாத்திரை உண்டோரிடம் உயர்ந்தது.

இத்தனை ஸ்டாடின்கள் இருக்கப் பிடாவஸ்டாடினைத் தேர்ந்ததற்கும் ஒரு நொதியே காரணம். கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.3ஏ4 என்னும் நொதி பல ஸ்டாடின்களைச் சிதைத்து வெளியேற்றுகிறது. எச்.ஐ.வி. சிகிச்சையில் பிற மருந்துகளுக்குத் துணையாகச் சேர்க்கப்படும் ரிடோனவிர் அந்நொதியை முடக்கிவிடுகிறது. ரிடோனவிரோடு சிம்வஸ்டாடினை உண்டால் அதன் அளவு இரத்தத்தில் பன்மடங்கு ஏறி, தசைகள் சிதையலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். ஆகவே அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே தடைசெய்யப்பட்டது. அடோர்வஸ்டாடினைக் குறைந்த அளவில், எச்சரிக்கையோடு தரலாம். பிடாவஸ்டாடின் அந்நொதியை நம்பியிருப்பதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஏறத்தாழ 25 இலட்சம் பேரில் இரண்டாம்வரிசை மருந்துக்கு மாறியவர்கள் பலருக்கு ரிடோனவிர் சேர்ந்த கூட்டே தரப்பட்டுவந்தது. கூட்டு மருந்து மையம் ஓரிடம், இதயநோய்ப் பிரிவு வேறிடம். இரண்டின் சீட்டுகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. நெஞ்சுவலியோடு செல்பவர் தம் தொற்றைச் சொல்லத் தயங்குகிறார். 2017-இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்துவதையும் அதன் பேரில் சிகிச்சை மறுப்பதையும் தடைசெய்கிறது. தயக்கத்தை அச்சட்டம் இன்னும் கரைக்கவில்லை. தொற்றை அறியாத மருத்துவர் வழக்கம்போல் ஒரு ஸ்டாடினை எழுதுகிறார். சில வாரங்களில் தொடை வலிக்கிறது, கிரியேட்டின் கைனேஸ் உயர்கிறது. 1990-இல் ஜிடோவுடினால் உயர்ந்த அதே நொதி, இம்முறை இரு மருந்துகளின் மோதலால் உயர்ந்திருக்கிறது. சீட்டில் உள்ள எண்ணைப் படிக்கும் மருத்துவருக்கு, நோயாளி உண்ணும் மற்ற மாத்திரைகள் எவை என்று தெரியாது.